தகுதியை அளப்பது யார்? களத்தைவிட்டு வெளியேறிய பயிற்சியாளர் ஜான் தாம்சன்

1989 ஜனவரி 14. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை அடுத்துள்ள கேபிடல் சென்டர் அரங்கில், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்திற்கும் பாஸ்டன் கல்லூரிக்கும் இடையிலான கூடைப்பந்து ஆட்டம் தொடங்கும் தறுவாயில் இருந்தது. அப்போது ஜார்ஜ்டவுன் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஜான் தாம்சன் களத்தைவிட்டு வெளியேறினார். பார்வையாளர்கள் எழுந்து நின்று கைதட்டினர். எதிரணியோடோ நடுவரோடோ அவருக்குப் பூசல் எதுவும் இல்லை. ஏழைக் கறுப்பின மாணவர்களின் கல்லூரி வாய்ப்பைப் பறிக்கும் விதி ஒன்று அந்த வாரம்தான் நிறைவேறியிருந்தது. அதற்கு எதிரான வெளிநடப்பே அது.

அந்த வெளிநடப்பின் பொருளை அறிய, அவர் கடந்து வந்த பாதையை அறிதல் வேண்டும். தாம்சன் 1941இல் வாஷிங்டனில் பிறந்தார். தந்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கூலித் தொழிலாளி. தாய் பிறர் வீடுகளைத் துப்புரவு செய்து குடும்பத்தைத் தாங்கினார். பார்வைக் குறைபாட்டால் சிறுவன் தாம்சன் வாசிக்கத் தடுமாறினான். அதனைப் பள்ளி ‘அறிவுக் குறைவு’ என்று முத்திரை குத்தி வெளியே அனுப்பியது. பின்னர் அரசுப் பள்ளி ஒன்றில் பொறுமை மிக்க ஆசிரியர் ஒருவரின் துணையால் அவன் வாசிக்கக் கற்றான். ஒரு குழந்தையின் ஆற்றலை நிறுவனம் எவ்வளவு எளிதாகத் தவறாக அளந்துவிடும் என்னும் பாடத்தைத் தாம்சன் நூலில் கற்கவில்லை. தம் வாழ்விலேயே கற்றார்.

ஆறடி பத்து அங்குல உயரம் அவரைக் கூடைப்பந்துக்கு அழைத்துச் சென்றது. பிராவிடன்ஸ் கல்லூரி அணி 1963இல் தேசிய அழைப்புப் போட்டியில் வாகை சூடியபோது அவர் அதில் ஆடினார். 1964இல் பட்டம் பெற்றபின் பாஸ்டன் செல்டிக்ஸ் தொழில்முறை அணியில் இரண்டு பருவங்கள், புகழ்பெற்ற பில் ரசலுக்கு மாற்று ஆட்டக்காரராக இருந்தார். அவ்விரு பருவங்களிலும் அந்த அணியே வாகை சூடியது. அதன்பின் ஆட்டத்தை விட்டுத் தம் ஊருக்குத் திரும்பி, புனித அந்தோணியார் உயர்நிலைப் பள்ளியின் பயிற்சியாளரானார். 1972இல் ஜார்ஜ்டவுன் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தியது. அதற்கு முந்தைய பருவத்தில் அந்த அணி 3 ஆட்டங்களில் மட்டுமே வென்று 23இல் தோற்றிருந்தது.

ஜார்ஜ்டவுன் எத்தகைய நிறுவனம் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். மேரிலாந்து இயேசு சபையினர் 1838இல் தம்மிடம் அடிமைகளாயிருந்த 272 பேரை விற்றனர்; அப்பணத்தின் ஒரு பகுதி இக்கல்லூரியின் கடனை அடைக்கச் சென்றது. 1970களிலும், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரின் நடுவே, பெரும்பாலும் வெள்ளையர் பயிலும் கல்லூரியாகவே அது நின்றது. அங்கே தாம்சன் செய்த முதல் நியமனங்களுள் ஒன்று, முன்னாள் கன்னியாஸ்திரியும் ஆசிரியருமான மேரி ஃபென்லனுடையது. மாணவர்களின் படிப்பைக் கண்காணிப்பதே அவர் பணி. ஆட்டங்களின்போதும் பயிற்சியாளர்களோடு அவர் அமர்ந்திருப்பார். தாம்சனின் மேசைமேல் காற்றிறங்கிய பந்து ஒன்று இருக்கும். ஆட்டத்தை மட்டும் நம்பும் வாழ்வு ஒருநாள் அப்படித்தான் ஆகும் என்பதே அதன் பொருள். அவரிடம் நான்காண்டும் பயின்றவர்களுள் 97 விழுக்காட்டினர் பட்டம் பெற்றனர்.

இழிவுகள் வந்தவண்ணம் இருந்தன. 1975இல் அணி தொடர்ந்து தோற்றபோது, சொந்த அரங்கிலேயே இனவசை எழுதிய பதாகை தொங்கவிடப்பட்டது. 1981இல் பாட்ரிக் யூயிங் அணிக்கு வந்தபின், அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று ஏளனம் செய்யும் பதாகைகளை எதிரணி ஆதரவாளர்கள் ஏந்தினர்; களத்தில் வாழைப்பழத் தோலை வீசினர். தாம்சன் தம் மாணவர்களை ஊடகங்களிடமிருந்து விலக்கிக் காத்தபோது, அதனையும் முரட்டுத்தனம் என்றே பலர் எழுதினர்.

1982இல் அவரது அணி தேசிய அளவில் இறுதி நால்வருள் ஒன்றானது. அந்நிலையை எட்டிய முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் என்ற பெருமை குறித்துச் செய்தியாளர்கள் கேட்டனர். அக்கேள்வியே தம்மை இழிவுபடுத்துவதாகத் தாம்சன் விடையிறுத்தார். தமக்கு முன்னரும் திறனாளர் பலர் இருந்தனர். அவர்களுக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டது என்பதே அவர் வாதம். அது வெறும் அடக்கவுரை அன்று. கூடைப்பந்தைத் தோற்றுவித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடமே கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் கற்ற ஜான் மெக்லெண்டன், கறுப்பினத்தவர் என்பதால் அப்பல்கலைக்கழக அணியில் ஆட இயலவில்லை. பின்னாளில் அவர் பயிற்றுவித்த டென்னசி ஸ்டேட் அணி, சிறு கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் 1957 முதல் 1959 வரை மூன்று முறை தொடர்ந்து வென்றது. ‘முதல்வர்’ என்று ஒருவரைக் கொண்டாடும்போது, அதுகாறும் கதவைப் பூட்டி வைத்திருந்தவர் யார் என்ற கேள்வி மறைந்துபோகிறது. அம்மறைப்புக்குத் துணைபோகத் தாம்சன் மறுத்தார். 1984இல் ஹூஸ்டன் அணியை 84-75 எனத் தோற்கடித்து அவர் தேசியப் பட்டத்தை வென்றபோதும் அந்நிலைப்பாடு மாறவில்லை.

இனி, 1989ஆம் ஆண்டின் விதிக்கு வருவோம். கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, ‘முன்மொழிவு 48’ என்னும் விதியை 1986இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன்படி முதலாண்டிலேயே களமிறங்க விரும்பும் மாணவர், 11 அடிப்படைப் பாடங்களில் நான்குக்கு இரண்டு என்னும் சராசரியும், எஸ்ஏடி நுழைவுத் தேர்வில் 1600க்கு 700 மதிப்பெண்ணும் பெற்றிருக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் எட்டியவர் முதலாண்டில் ஆட முடியாது. ஆயினும் உதவித்தொகை பெற்றுப் படிக்கலாம். 1989 ஜனவரியில் நிறைவேறிய ‘முன்மொழிவு 42’ அந்த உதவித்தொகையையும் நீக்கியது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தன் பணத்தில் சேர்ந்துகொள்ளும். ஏழைப் பிள்ளைக்குக் கல்லூரியே இல்லை. விதியின் எழுத்தில் நிறம் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. ஆனால் அதனால் பாதிக்கப்படவிருந்தோருள் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மாணவர்கள்.

இவ்விதியைக் கறுப்பினத்தவர் அனைவரும் எதிர்த்தனர் என்று எண்ணிவிடக் கூடாது. டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ் அதனை ஆதரித்தார். அளவுகோலை உயர்த்தினால் நம் பிள்ளைகளும் உயர்வார்கள். அதனைத் தாழ்த்துவதே அவர்களை அவமதிப்பது என்பது அவர் தரப்பு. மாணவர்களை ஆடவிட்டுப் பட்டமின்றி அனுப்பிய கல்லூரிகள் பல இருந்தமையால் அவ்வாதத்தில் உண்மையும் இருந்தது. தாம்சன் கல்வித்தரத்திற்கு எதிரானவர் அல்லர்; மேரி ஃபென்லனின் நியமனமே அதற்குச் சான்று. அவர் எதிர்த்தது, சமமற்ற பள்ளிகளில் பயின்ற பிள்ளைகளை ஒரே தேர்வு மதிப்பெண்ணால் அளந்து, அக்குறைக்குரிய தண்டனையைப் பள்ளிகளுக்கு வழங்காமல் பிள்ளைகளுக்கு வழங்குவதை. கல்லூரிக்குள் வந்த மாணவனை உயர்த்துவது கல்லூரியின் கடமை. வாயிலிலேயே அவனைத் தடுத்துவிட்டால் அக்கடமையிலிருந்து கல்லூரி தப்பிவிடுகிறது.

அடுத்த ஆட்டத்தையும் தாம்சன் புறக்கணித்தார். அது தாம் படித்த பிராவிடன்ஸ் கல்லூரிக்கு எதிரான ஆட்டம். என்.சி.ஏ.ஏ. நிர்வாகிகள் அவரோடு பேசி, விதியை மறுஆய்வு செய்ய உடன்பட்ட பின்னரே அவர் களத்திற்குத் திரும்பினார். 1990 ஜனவரியில் விதி திருத்தப்பட்டது: அத்தகைய மாணவர்கள், விளையாட்டு நிதி சாராத, வறுமை அடிப்படையிலான உதவித்தொகை பெற வழி பிறந்தது. முழு வெற்றி அன்று. ஆனால் மூடப்பட்ட கதவு சற்றுத் திறந்தது.

அவர் வாழ்வில் முரண்களும் உண்டு. 1991இல் அவர் நைக்கி நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். பயிற்சியாளர்களுக்குப் பெரும்பணம் ஈட்டித்தந்த அதே அமைப்பு, ஆடிய மாணவர்களுக்கு ஊதியம் தர மறுத்தது. 596 வெற்றிகளோடு 1999இல் பொறுப்பிலிருந்து விலகிய தாம்சன், 2020 ஆகஸ்டில் மறைந்தார்.

‘தகுதி’ என்னும் சொல் நமக்கும் புதிதன்று. ஒடுக்கப்பட்டோர் கல்விக்கூட வாயிலுக்கு வரும்போதெல்லாம் அது முன்னே வந்து நிற்கிறது. தாம்சனின் வெளிநடப்பிலிருந்து நாம் கொள்ளத்தக்கது இது: மாணவரின் மதிப்பெண்ணைக் கேட்கும் நிறுவனத்திடம், அவரை எங்கே கொண்டு சேர்த்தாய் என்னும் கணக்கையும் திருப்பிக் கேட்க வேண்டும். உள்ளே நுழைந்துவிட்டவர்களுக்கு அப்பொறுப்பு இன்னும் மிகுதி. தம் இருக்கை உறுதியான பிறகே தாம்சன் எழுந்து வெளியேறினார். அது தம் பொருட்டு அன்று, இன்னும் வாயிலை எட்டாதவர் பொருட்டு.