கூண்டு ஏறிவிட்டது... மாட்டை எங்கே கட்டுவது?

ஐப்பசி பிறந்துவிட்டால் காரைக்கால் பக்கம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு? ஒன்றாம் எண் என்றால், ‘எங்கேயோ தூரத்துல சுத்துது’ என்று அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். எண் ஏற ஏறப் பேச்சு மாறும். படகை மேலே ஏற்றியாச்சா, மெழுகுவத்தி இருக்கா, போனுக்கு சார்ஜ் போட்டாச்சா... எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: “மாட்டை என்ன பண்றது?”

மனிதர்கள் தங்கப் பள்ளிக்கூடம் இருக்கிறது, சமுதாயக்கூடம் இருக்கிறது, கல்யாண மண்டபம் இருக்கிறது. கறவை மாட்டுக்கும், நாலு ஆட்டுக்கும், வாசல்வரை வாலாட்டிக்கொண்டு வரும் நாய்க்கும் அங்கே இடம் கேட்டால் பதில் சுலபமாக வராது. அதனால் பல வீடுகளில் நடப்பது இதுதான். பெண்களையும் பிள்ளைகளையும் முகாமுக்கு அனுப்பிவிட்டு, ‘நீங்க போங்க, பின்னாடியே வர்றேன்’ என்று ஒருவர் மட்டும் கொட்டகையில் தங்கிவிடுவார். மாட்டுக்கு இடம் இல்லாததால் ஆபத்தில் நிற்பது ஒரு மனித உயிரும்தான்.

இது வீண் பயமில்லை. 2008 நவம்பர் 27 அதிகாலை ‘நிஷா’ புயல் காரைக்கால் அருகேதான் கரையைக் கடந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை ‘கஜா’ நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே புகுந்தபோது, டெல்டா முழுக்க ஆடு மாடுகள் செத்துக் கிடந்தன. புயலில் கால்நடை சாவதற்குக் காற்று மட்டும் காரணமில்லை. கட்டிய கயிறும் ஒரு காரணம். கூரை சரிந்தாலும், மரம் விழுந்தாலும், தண்ணீர் ஏறினாலும் முளைக்குச்சியில் கட்டிய மாடு எங்கே போகும்? ஆடும் கோழியும் வேறு மாதிரி. விடிய விடிய மழையில் நனைந்து, காற்று பட்டு, குளிரிலேயே விறைத்துப் போகும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான்

2005 ஆகஸ்டில் ‘கத்ரீனா’ சூறாவளி நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தது. மீட்புப் பேருந்தில் ஏறும்போது ஒரு சிறுவனிடமிருந்து அவனுடைய குட்டி நாயைப் பிரித்துவிட்டார்கள். ‘ஸ்நோபால், ஸ்நோபால்’ என்று அவன் வாந்தி எடுக்கும்வரை அழுத செய்தி நாடு முழுக்கப் பரவியது. வீட்டை விட்டு வெளியேறாதவர்களிடம் பிறகு நடத்திய ஒரு கருத்துக்கணிப்பில், 44 சதவீதம் பேர் வளர்ப்புப் பிராணியை விட்டுப் போக மனமில்லாததையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். 2006 அக்டோபரில் அங்கே சட்டமே வந்தது. பேரிடர்த் திட்டம் போடும்போது வளர்ப்புப் பிராணிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று.

நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் வங்கதேசத்தில் இருக்கிறது. 1970 நவம்பரில் ‘போலா’ புயல் லட்சக்கணக்கானோரைக் கொண்டுபோன பிறகு, அங்கே கடலோரத்தில் உயரமான மண்மேடுகளை எழுப்பினார்கள். பெயர் ‘முஜிப் கில்லா’. கில்லா என்றால் கோட்டை. வெள்ளம் வந்தால் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய் அந்த மேட்டில் ஏறி நிற்கலாம். பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. மண், மண்வெட்டி, அரசின் மனசு.

டெல்டாவுக்கு இது புதிதா என்ன? வயல்வெளி நடுவே உயர்ந்து நிற்கும் நிலத்தைத் ‘திடல்’ என்றுதான் தஞ்சைப் பக்கம் சொல்கிறார்கள். காரைக்காலின் கடலோர ஊர்களைப் பாருங்கள்: கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, கோட்டுச்சேரிமேடு. பெயரிலேயே மேடு இருக்கிறது. கடலை ஒட்டிய மேட்டை மட்டும் நம்ப முடியாது என்பதை 2004 டிசம்பர் 26 காட்டிவிட்டது. கடலிலிருந்து தள்ளி, உள்ளே இருக்கும் திடலும் களத்துமேடும்தான் மாட்டுக்கு ஏற்ற இடம். அவற்றில் எத்தனை இன்று மனைக்கட்டாகிவிட்டன என்பதை அந்தந்த ஊர்ப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

பணத்துக்கும் விதி இருக்கிறது. 2022 முதல் 2026 வரைக்கென்று மத்திய அரசு வகுத்த பேரிடர் நிவாரண அளவுகளில் கால்நடை முகாமும் உண்டு. தீவனம், தண்ணீர், மருந்துக்கென்று பெரிய மாட்டுக்கு நாளுக்கு 80 ரூபாய், ஆடு போன்ற சிறியவற்றுக்கு 45 ரூபாய். செத்த கறவை மாட்டுக்கான நிவாரணமோ 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000. ஒரு பசுவை நாலு நாள் முகாமில் வைத்துக் காப்பாற்ற 320 ரூபாய். எது லாபம் என்று பிள்ளைகளிடம் கொடுத்தால்கூட கணக்குப் போட்டுவிடுவார்கள்.

கூண்டு ஏறும் முன்பே...

இடத்தை இப்போதே பார்த்து வையுங்கள். ஒரு பசுவுக்குக் கூரையின் கீழ் சுமார் 3.5 சதுர மீட்டர் வேண்டும். அருகில் பெரிய மரமோ, மின்கம்பமோ, பழைய மண்சுவரோ கூடாது. ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே இடத்தைப் பேசி வைத்தால் காவலுக்கும் ஆள் கிடைக்கும். காதில் 12 இலக்க மஞ்சள் வில்லை போடாத மாடு என்றால் கால்நடை மருத்துவமனையில் கேட்டுப் போட்டுவிடுங்கள். அந்த எண்ணையும் மாட்டின் போட்டோவையும் போனில் வைத்திருந்தால், திசை மாறிப் போன மாட்டை ‘இது என்னுது’ என்று சொல்ல முடியும். எங்குமே கொண்டுபோக முடியாத நிலை வந்தால், கயிற்றை அவிழ்த்து விட்டுவிட்டுக் கிளம்புங்கள். மாடு தானாக மேடு தேடும்.

வைக்கோலைத் தார்ப்பாய் போட்டு, தரையில் படாமல் உயர்த்தி வையுங்கள். நனைந்து பூஞ்சணம் பிடித்ததைப் போடவே கூடாது. சுற்றிலும் தண்ணீர் நின்றாலும் மாட்டுக்கு நல்ல குடிநீர் வேண்டும். நாளைக்கு 30, 40 லிட்டராவது பிடித்து வைக்க வேண்டியிருக்கும்.

நாய் வளர்ப்பவர்கள் செய்ய வேண்டியது வேறு. வெறிநாய்த் தடுப்பூசி போட்ட அட்டை, கழுத்துப்பட்டை, சங்கிலி, வாய்மூடி, மூன்று நாள் சாப்பாடு எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். மாடி வீட்டு உறவினரிடமோ, உள்ளூர்ப் பக்கம் இருக்கும் நண்பரிடமோ இன்றே ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். திருநள்ளாறு பக்கம் லாட்ஜில் தங்கலாம் என்று நினைத்தால், நாயைச் சேர்ப்பார்களா என்று முதலில் போன் போட்டுக் கேளுங்கள். மழையில் போய் வாசலில் நின்று வாதாட முடியாது.

பூனைக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் ஏறும் முன்பே அது பரணில் இருக்கும். புயல் போன பிறகு இறக்குவதுதான் பாடு.