தூங்கலும் தாலாட்டும்

2015ஆம் ஆண்டில் மாக்ஸ் ரிக்டர் என்னும் இசையமைப்பாளர் 'ஸ்லீப்' என்ற இசைப்படைப்பை வெளியிட்டார். அதன் நீளம் எட்டு மணி நேரத்திற்கும் மேல். அவ்வாண்டு இலண்டனில் நள்ளிரவு தொடங்கி விடியும்வரை அது இசைக்கப்பட்டபோது, கேட்க வந்தோர்க்கு இடப்பட்டவை நாற்காலிகள் அல்ல, படுக்கைகள். கேட்போர் உறங்கிவிட்டால் கலைஞர் மனம் நோவது வழக்கம்; இங்கோ உறங்குவோர்க்காகவே இசை எழுதப்பட்டது. இன்று நம் இல்லங்களிலும் இரவு முழுதும் கைப்பேசி மழையொலியையோ பியானோவையோ இசைத்துக்கொண்டிருக்கிறது. இதனை முற்றிலும் புதிய வழக்கம் எனக் கருதுவோர் 'தூங்கு' என்னும் தமிழ்ச்சொல்லைச் சற்று உற்று நோக்குதல் நன்று.

பழந்தமிழில் உறக்கத்தைக் குறிக்கத் துயில், உறங்கு, கண்படை முதலிய சொற்கள் இருந்தன. தூங்குதல் என்பதற்கோ தொங்குதல், அசைதல் என்பனவே முதன்மைப் பொருள்கள். கிளையில் கனி தூங்கும் என்றால் கனி தொங்குகிறது என்பதே பொருள். வானில் தொங்கியதாகக் கூறப்படும் கோட்டை 'தூங்கெயில்' எனப்பட்டது. கூட்டைத் தொங்கவிடும் தூக்கணாங்குருவியின் பெயரில் அப்பொருள் இன்றும் வாழ்கிறது. வினைசெயல்வகை அதிகாரத்தில் திருவள்ளுவர் இச்சொல்லைக் காலந்தாழ்த்துதல் என்ற பொருளில் ஆள்கிறார். தொங்குவது அசையும், அசைவது மெல்ல இயங்கும், மெல்ல இயங்குவது அடங்கும். உறக்கம் என்னும் பொருள் இவ்வழியே வந்து சேர்ந்தது என்பது நம் கருத்து. மலாய் மொழியிலும் 'புவாய்' என்னும் சொல் தொட்டிலின் அசைவையும், அவ்வசைவில் மனம் மயங்குதலையும் சேர்த்தே உணர்த்துகிறது.

யாப்பிலும் இச்சொல் உண்டு. வஞ்சிப்பாவிற்கு உரியது தூங்கலோசை. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் இருபது வண்ணங்களுள் ஒன்று தூங்கல் வண்ணம். மாணவர் இவற்றைத் தேர்வுக்காக மனனம் செய்வர். 'ஏன் ஐயா தூங்கல்?' என ஒரு மாணவி வினவியபோது, நாமும் நூற்பாவையே திருப்பிச் சொல்லி நழுவியதுண்டு.

தாலாட்டு என்னும் சொல்லில் உள்ள 'தால்' என்பது நா. பிள்ளைத்தமிழின் மூன்றாம் பருவமாகிய தாலப் பருவமும் இதனால் பெயர் பெற்றது. தொட்டிலைக் கை ஆட்டும். அப்பெயரோ நாவின் ஆட்டத்தைச் சொல்லுகிறது. ஆராரோ, ஆரிரரோ என்பவற்றை மெல்ல ஒலித்துப் பாருங்கள். ஒரு வல்லெழுத்தும் இல்லை. மூச்சு முற்றாகத் தடைப்படும் இடமே இல்லை. உயிரொலிகளுக்கிடையே ரகரம் மட்டும் வந்து வந்து போகிறது. நுனிநா அண்ணத்தை வருடுவதால் ரகரமும் ழகரமும் பிறக்கின்றன என்பது தொல்காப்பியப் பிறப்பியல். வருடல் என்ற சொல்லை ஆசிரியர் ஒலியின் பிறப்புக்காகவே ஆண்டார். ஆயினும் தாய் குழந்தையின் தலையை வருடியபடி பாடும்பொழுது அவள் நாவும் அதையே செய்கிறது.

பதிவுசெய்த இசையை நாம் பழிக்கவில்லை. உறக்கமின்மையால் வருந்தும் பெரியோரின் உறக்கத் தரத்தை, அவர்தம் சொந்த மதிப்பீட்டின்படி, இசை மேம்படுத்தக்கூடும் என 2022இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத்தொகுப்பு கூறுகிறது. இரவில் வீணையிசை கேட்டே நாமும் கண்ணயர்கிறோம். குழந்தையின் நிலை வேறு. பிறந்து சில நாள்களே ஆன குழந்தைகள், பிற பெண்களின் குரலினும் தம் தாயின் குரலைக் கேட்கும் பொருட்டுப் உறிஞ்சும் முறையையே மாற்றிக்கொண்டதை 1980இல் டிகாஸ்பர், பைஃபர் ஆகியோர் காட்டினர். அன்றியும், பதிவிசை குழந்தையைக் கேட்பதில்லை. பாடுபவரோ குழந்தையின் மூச்சைக் கேட்கிறார். அது சிணுங்கினால் குரல் உயரும். இமை தாழ்ந்தால் சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து முனகல் மட்டும் எஞ்சும். அதற்குமுன் மாமன், அத்தை, பாட்டி என உறவுப்பெயர்கள் அனைத்தும் வரிசையாகக் குழந்தையின் செவியில் விழுந்திருக்கும். அடித்தவர் யார், சீர் கொண்டுவந்தவர் யார் என்பதெல்லாம் தாலாட்டின் செய்திகள். எட்டு மணி நேரப் பியானோவில் மாமன் இல்லை.

சென்ற ஆண்டு நம் பேத்தி சுருள்வில் பூட்டிய சாரோங் தொட்டிலில் கிடந்தாள். கைப்பேசியின் மின்கலம் தீர்ந்து இசை நின்றது, அவள் வீறிட்டாள். "நீங்கள் பாடுங்கள், மாமா, தமிழ் படித்தவர் ஆயிற்றே" என்றார் மருமகள். இரண்டு அடிக்குமேல் நமக்கு நினைவு வரவில்லை. ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்ற நம் தாயார், ஆயாக்கொட்டகையில் வரிசையாய்த் தொங்கிய துணித்தொட்டில்களில் ஒன்றில் நம்மை விட்டுச் செல்வார். மாலையில் வந்து பாடுவார். ஆய்வுக்கென நாம் தோட்டந்தோறும் சென்று, யார் யார் தாயாரின் தாலாட்டுகளையோ ஒலிநாடாவில் பதிந்தோம். நம் தாயாரின் குரலைப் பதியவில்லை. என்றும் கிடைக்கும் என்று இருந்துவிட்டோம். அன்றிரவு எஞ்சிய அடிகளை முனகியே நிரப்பினோம், பேத்தி உறங்கினாள்.

ஆசிரியர்கள் மாணவர்க்கு ஒரு சிறு பணி தரலாம். தொட்டிலை வீட்டில் தூளி என்பார்களா, ஏணை என்பார்களா எனக் கேட்டு எழுதிவரட்டும். பாட்டி பாடுவதைக் கைப்பேசியில் பதிந்து வரட்டும். சொல் மறந்து அவர் முனகும் இடத்தை வெட்டிவிட வேண்டா.