புராஸ்டேட் அழற்சி: வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்

ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி புராஸ்டேட். சிறுநீர்ப் பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. முதுமையில் அது பெரிதாவது வேறு, அதில் அழற்சி ஏற்படுவது வேறு. அழற்சி இளைஞர்களுக்கும் வரும். இது புற்றுநோயும் அல்ல.

காரணம் என்ன?

குடலில் வாழும் ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் சிறுநீர்ப் பாதை வழியே ஏறிச் சுரப்பியைத் தாக்குகின்றன. பாலியல் நோய்த் தொற்றும், சிறுநீர் பிரிய டியூப் போடுவதும் காரணமாகலாம். நாள்பட்ட வலியுள்ள பலருக்குக் கிருமியே இருப்பதில்லை.

அறிகுறிகள்

சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், அடிக்கடி கழிக்கும் உணர்வு, அடிவயிற்றிலும் விதைப்பைக்குப் பின்புறமும் வலி. குளிர் காய்ச்சலோடு சிறுநீரும் அடைத்துக்கொண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பலர் கூச்சத்தால் மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. மருந்துக் கடையில் ஏதோ மாத்திரை வாங்கி, வலி குறைந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். கிருமித் தொற்றுக்கு 2 முதல் 4 வாரங்கள், சிலருக்கு அதற்கும் மேல் மருந்து தேவைப்படும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும்.

தடுக்க

போதிய தண்ணீர் குடியுங்கள். சிறுநீரை அடக்காதீர்கள், அடக்கிக்கொண்டு தொழுவதையே மார்க்கம் தடுத்திருக்கிறது. திருமண வரம்பைப் பேணுங்கள். வந்துவிட்டால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சை பெறுவதில் வெட்கமில்லை.