கடல் கடக்கும் கடை – 9: வாங்குவோர் வாசலில் நிற்கும் சட்டம்

ஏரியூரிலிருந்து நாகமரைத் துறைக்குச் சென்று, மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் படகேறி, அக்கரையிலுள்ள பண்ணவாடியில் இறங்குகிறவர் தர்மபுரி ஜில்லாவை விட்டுச் சேலம் ஜில்லாவுக்குள் பிரவேசித்துவிடுகிறார். ஆயினும் அவர் மூட்டையில் இருக்கும் புளிக்கும் சாமைக்கும் இக்கரையில் எந்தச் சட்டமோ அக்கரையிலும் அதே சட்டந்தான். அந்தப் புளியும் சாமையும் பொட்டலமாகி, தபால் மார்க்கமாக ஜெர்மனிக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ பயணப்படும்போது விஷயம் வேறாகிவிடுகிறது. ஏற்றுமதியாளருக்குரிய எண்ணையும், தபால் நிலைய ஏற்றுமதி மையத்தையும், மசாலா வாரியத்தில் செய்துகொள்ள வேண்டிய பதிவையும் பற்றி முந்தைய இதழ்களில் பேசினோம். அவை யாவும் சரக்கு நம் தேசத்தை விட்டு வெளியேறுவதற்கு வேண்டிய அனுமதிகள். சரக்கு போய்ச் சேரும் வீட்டில் இருப்பவருக்கு என்னென்ன உரிமைகள் உண்டு, அவ்வுரிமைகளுக்கு ஏரியூர்க் கடைத்தெருவில் அமர்ந்திருப்பவர் எவ்வளவு தூரம் கட்டுப்பட்டவர் என்பதே இவ்வாரத்து விசாரணை.

நம் பக்கத்து ரசீதுகளின் அடியில், பொடி எழுத்தில், விவகாரங்கள் யாவும் தர்மபுரி நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டவை என்று அச்சிட்டு வைக்கும் வழக்கம் பல காலமாக உண்டு. மொத்த வியாபாரியும் சில்லறை வியாபாரியும் தமக்குள் செய்துகொள்ளும் கொடுக்கல் வாங்கலில் அந்த ஒரு வரிக்கு மதிப்பு இருக்கலாம். ஆனால் வீட்டுச் சமையலுக்காகப் புளி வாங்கும் ஒரு சாமானியரின் விஷயத்தில், அந்த வரியை நம்பிக் கடல் கடந்த வியாபாரத்தில் இறங்குவது, என் அபிப்பிராயத்தில், காகிதத்தைக் குடையென்று எண்ணி மழையில் நடப்பதற்கு ஒப்பாகும்.

ஏனெனில் நம் தேசத்துச் சட்டமே அந்த வரியை மதிப்பதில்லை. 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை அகற்றிவிட்டு, 2019-இல் இயற்றப்பட்டு, 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முறையீடு செய்பவர் தாம் வசிக்கும் இடத்திலேயே, அல்லது ஜீவனத்துக்காக வேலை பார்க்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்று தன் 34-ஆவது பிரிவில் கூறுகிறது. விற்றவர் எங்கே இருக்கிறாரோ அங்கே போய்த்தான் அலைய வேண்டும் என்ற பழைய சங்கடம் அதனால் நீங்கிற்று. 2020 ஜூலை 23-ஆம் தேதி வெளியிடப்பட்ட மின்வணிக விதிகளோ இன்னும் ஓர் அடி முன்னே சென்று, இந்தியாவில் ஸ்தாபிக்கப்படாத ஒரு நிறுவனமாயினும், இந்நாட்டு நுகர்வோருக்குத் தொடர்ந்து முறையாகச் சரக்கை விற்க முன்வருமாயின் அதுவும் இவ்விதிகளுக்கு உட்பட்டதே என்றும், மின்வணிக நிறுவனத்தின் குறைதீர்க்கும் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முறையீடு கிடைத்ததை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் பரிகாரம் செய்ய வேண்டும் என்றும் விதித்திருக்கின்றன. ஏரியூர்வாசி ஒருவர் அந்நிய தேசத்து நிறுவனத்திடம் வாங்கிய பொருள் பழுதாயிருந்தால் தர்மபுரியில் நியாயம் கேட்கலாம் என்று நாமே சட்டம் செய்துகொண்ட பிறகு, ஏரியூர்ச் சரக்கு பழுதென்று ஹாம்பர்க்வாசி ஹாம்பர்க்கில் நியாயம் கேட்பதை அநியாயம் என்று சொல்ல நமக்கு வாயேது?

ஆனால் இணையத்தில் கடை திறந்த மாத்திரத்திலேயே உலகத்துச் சட்டங்கள் யாவும் நம் தலைமேல் வந்து விழுந்துவிடுமா என்றால், இல்லை. இந்த நுட்பத்தை 2010 டிசம்பர் 7-ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம், இரண்டு வழக்குகளை ஒன்றாக இணைத்துக் கூறிய தீர்ப்பில் விளக்கியது, இரண்டுமே சுவாரஸ்யமானவை. ஆஸ்திரியாவில் வசித்த ஒருவர், ஜெர்மானியக் கம்பெனி ஒன்றின் சரக்குக் கப்பலில், இத்தாலியின் திரியெஸ்தே துறைமுகத்திலிருந்து தூரக் கிழக்கு நாடுகளுக்கு உல்லாச யாத்திரை போவதற்கு, இணையத்தில் அதை வர்ணித்திருந்த ஓர் இடைத்தரகர் மூலம் பணம் கட்டினார். கப்பலண்டை போய்ப் பார்த்தபோது, வர்ணனையில் இருந்த நீச்சல் குளமும் உடற்பயிற்சி அறையும் கப்பலில் இல்லை. ஏற மறுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்டார். கம்பெனி ஒரு பகுதியை மட்டும் திருப்பிக் கொடுத்தது. மற்ற வழக்கோ இதற்கு நேர்மாறானது: ஜெர்மனியில் வசித்த ஒருவர், ஆஸ்திரிய மலைப்பகுதி ஹோட்டல் ஒன்றில் இணையத்தைப் பார்த்து அறை பிடித்துத் தங்கி, உபசாரத்தில் குறை கண்டு, பணம் கட்டாமலே ஊர் போய்ச் சேர்ந்தார், ஹோட்டல்காரர் தம் தேசத்தில் வழக்குப் போட, என்மேல் வழக்கென்றால் என் தேசத்தில் வந்து போடு என்று அவர் வாதித்தார்.

நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஒரு தேசத்தில் இருப்பவர் கண்ணுக்கு இணையப் பக்கம் தெரிகிறது என்பது மட்டும் போதாது, அந்தத் தேசத்தாரோடு வியாபாரம் செய்யும் எண்ணம் விற்பவருக்கு இருந்தது என்பதற்கு அடையாளங்கள் வேண்டும். தம் ஊருக்கு உரியதல்லாத மொழியிலோ நாணயத்திலோ விலை கூறியிருத்தல், தொலைபேசி எண்ணுக்கு முன் தேசக் குறியீட்டைச் சேர்த்திருத்தல், அந்நிய தேசத்தில் தம் பக்கம் தேடுவோர் கண்ணில் படுவதற்காகப் பணம் செலவிட்டிருத்தல், பல தேசத்து வாடிக்கையாளர்கள் தமக்கு உண்டென்று சொல்லிக்கொள்ளுதல் ஆகியவை அவ்வடையாளங்களில் சில. ஆகவே, ஏரியூர்க் கடைக்காரர் தமிழில் எழுதி, ரூபாயில் விலை போட்டு, உள்ளூர் எண்ணைக் கொடுத்திருக்கும் வரையில் ஐரோப்பியச் சட்டம் அவரை நாடி வருவதற்குப் பெரும்பாலும் முகாந்தரம் இல்லை. யூரோவில் விலை போட்டு, 91 என்ற குறியீட்டைச் சேர்த்து, பெர்லினில் இருக்கும் அம்மையார் ஒருவர் எங்கள் சாமையைப் புகழ்ந்திருக்கிறார் என்று பெருமையோடு பதிந்துவைத்தாரானால், சட்டத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்தவர் அவரேதான். விற்பவர் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்தாலும் நுகர்வோர் தம் ஊரிலேயே வழக்காடலாம் என்பது 2015 ஜனவரி 10 முதல் அங்கே விதியாகவும் ஆகிவிட்டது.

ரசீதின் அடியில் போடும் வரிக்கும் அங்கே கதி இல்லை. அமேஸான் தன் ஒப்பந்த நிபந்தனைகளில் லக்ஸம்பர்க் சட்டமே செல்லும் என்று எழுதியிருந்ததை ஆஸ்திரிய நுகர்வோர் சங்கம் எதிர்த்தபோது, வாங்குபவருக்கு அவருடைய சொந்த தேசச் சட்டம் அளிக்கும் கட்டாயப் பாதுகாப்பும் உண்டென்பதைச் சொல்லாமல் மறைத்து, ஒரே சட்டந்தான் பொருந்தும் என்று எண்ண வைக்கும் நிபந்தனை நியாயமற்றது என்று 2016 ஜூலையில் அதே ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்துவிட்டது. கணினி விளையாட்டுகளை விற்கும் அமெரிக்க நிறுவனமாகிய வால்வ், வாஷிங்டன் மாகாணச் சட்டமே தனக்குப் பொருந்தும், பணம் திரும்பத் தரப்படமாட்டாது என்று சொல்லி வந்து, அதே 2016-இல் ஆஸ்திரேலியாவில் 30 லட்சம் டாலர் அபராதத்துக்கு ஆளாயிற்று, மேல்முறையீடுகளும் பலிக்கவில்லை.

இனிச் சரக்குக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தூரத்திலிருந்து வாங்குபவருக்கு, பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள், காரணம் எதுவும் சொல்லாமலே ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை உண்டு, 2014 ஜூன் முதல் இது அமலில் இருக்கிறது, பிரிட்டனிலும் அவ்வாறே. இந்த உரிமையை விற்பவர் முன்கூட்டித் தெரிவிக்கத் தவறினால் 14 நாட்களோடு மேலும் 12 மாதங்கள் சேர்ந்துகொள்ளும். திருப்பி அனுப்பும் செலவு வாங்கியவருடையது என்று முன்னமே சொல்லியிராவிட்டால், அச்செலவும் விற்றவர் தலையில் விழும். பெர்லினிலிருந்து ஏரியூருக்கு ஒரு மூங்கில் கூடை திரும்பி வரும் தபால் செலவு கூடையின் விலையையே மிஞ்சிவிடக்கூடும். அதே கூடைக்கு வேறொரு தொல்லையும் இருக்கிறது: 2024 டிசம்பர் 13 முதல், ஐரோப்பாவில் விற்கப்படும் சாதாரண உபயோகப் பொருள் ஒவ்வொன்றுக்கும் அங்கேயே இருந்து பொறுப்பேற்கும் ஒருவரின் பெயரும் முகவரியும் வேண்டும். உணவுப் பண்டங்கள் இந்த விதிக்கு அப்பாற்பட்டவை. அவற்றுக்கென்று தனிச் சட்டங்கள் இருப்பதால், வாயில் போடும் புளியைவிடப் புளி சுமக்கும் கூடைக்கு அங்கே காவல் அதிகமோ என்று நகைப்பதற்கு இடமில்லை.

உணவில் ரத்து உரிமைக்குச் சில விலக்குகள் உண்டு. விரைவில் கெடும் பண்டத்தைத் திருப்ப முடியாது. சுகாதாரத்தை முன்னிட்டு முத்திரையிட்ட பொட்டலத்தைப் பிரித்துவிட்டாலும் முடியாது. பிரிக்காத புளிப் பொட்டலத்தைத் திருப்பலாம் என்பதை அநேகர் கவனிப்பதில்லை. இவற்றினும் முக்கியமாக நான் கருதுவது கடலையையும் எள்ளையும் பற்றிய விதிகளை. நம் வீட்டில் குழந்தை கையில் கொடுக்கும் எள்ளுருண்டை, ஒவ்வாமை உள்ள ஒருவருக்குப் பிராணாபாயமாகலாம். கடலையும் எள்ளும் ஐரோப்பாவில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் சேர்ந்தவை. அமெரிக்காவோ எள்ளை ஒன்பதாவது பொருளாக 2023 ஜனவரி 1 முதல் சேர்த்துக்கொண்டது. ஐரோப்பாவுக்கு விற்பதானால் இந்த விவரம் பொட்டலத்தின்மேல் இருந்தால் மட்டும் போதாது. வாங்குபவர் பணம் செலுத்துவதற்கு முன்பே, விற்பனைப் பக்கத்திலேயே அவர் கண்ணில் பட வேண்டும். அமெரிக்காவுக்கு விற்பவர் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும்: இத்தனை நாளில் அனுப்புவோம் என்று சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள் அனுப்பியாக வேண்டும், தாமதமானால் வாங்கியவரின் சம்மதத்தைக் கேட்க வேண்டும், இல்லையேல் பணத்தைத் திருப்ப வேண்டும்.

பெரிய ஸ்தாபனங்களுக்கே சறுக்கல் நேருகிறது. 2024 ஏப்ரலில் ஹாங்காங் உணவுப் பாதுகாப்பு மையம் எம்.டி.எச்., எவரெஸ்ட் ஆகிய இந்திய நிறுவனங்களின் சில மசாலாக்களில் எத்திலீன் ஆக்சைடு என்ற பூச்சிக்கொல்லி இருப்பதாக அறிவித்தது. அதே மாதத்தில் சிங்கப்பூர் உணவு முகமை எவரெஸ்டின் மீன் குழம்பு மசாலாவைத் திரும்பப் பெறச் சொன்னது. தம் சரக்கு பாதுகாப்பானதே என்று நிறுவனங்கள் கூறின. அத்தகைய தர்க்கத்தை நடத்தும் வசதி அவர்களுக்கு உண்டு; பத்து மூட்டை புளி வைத்திருப்பவருக்கு இல்லை.

ஜெர்மனியிலிருந்து சம்மன் ஏரியூருக்கு வந்து கதவைத் தட்டவா போகிறது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. ஜெர்மானியத் தீர்ப்பையோ அமெரிக்கத் தீர்ப்பையோ இங்கே நேராக நிறைவேற்ற முடியாது. அதன் பேரில் நம் நீதிமன்றத்தில் புதிதாக வழக்குத் தொடுத்தாக வேண்டும். ஆனால் நம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44-ஏ பிரிவின்படி, பரஸ்பர ஏற்பாடு உள்ள தேசங்களின் மேல்நிலை நீதிமன்றங்கள் வழங்கும் பண டிக்ரிகளை, இங்கேயே பிறந்த டிக்ரிகளைப் போல ஜில்லா நீதிமன்றத்தில் நிறைவேற்றலாம். அத்தேசங்களின் பட்டியலில் சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் ஆகியவை நெடுநாளாக உள்ளன, 2020 ஜனவரியில் ஐக்கிய அரபு எமிரேட்சும் சேர்ந்தது. நம் புளிக்கும் சாமைக்கும் ஏங்கும் தமிழர்கள் மிகுதியாக வாழும் தேசங்கள் இவையே அல்லவா! மேலும், நூறு வெள்ளிச் சரக்குக்காக யாரும் நீதிமன்றம் ஏறுவதில்லை. கார்டு கொடுத்த வங்கியிடம் ஒரு முறையீடு செய்தால் போதும், நம் கணக்கில் வந்த பணம் வந்த வழியே திரும்பிவிடும். முறையீடுகள் பெருகினால் சந்தைத் தளம் கடையையே மூடிவிடும். அங்கே வாதப் பிரதிவாதத்துக்கு வேண்டிய அவகாசமும் நமக்குக் கிடைப்பது அரிது.

ஆகையால் உலகெங்கும் அனுப்பப்படும் என்ற வாசகத்தை விற்பனைப் பக்கத்திலிருந்து முதலில் அடித்துவிடச் சொல்வேன். ஒரு சிறு கடைக்கு இருநூறு தேசத்துச் சட்டங்களைக் கற்க நேரமில்லை. இரண்டு தேசங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, மற்றவற்றின் முகவரிகளை ஏற்காதபடி தளத்தை அமைத்துக்கொள்வது எளிது. பாஷையும் உறவும் அருகிலிருக்கும் சிங்கப்பூரும் மலேசியாவும் தொடக்கத்துக்கு உகந்தவை. மலேசியா 2012-இல் வகுத்த மின்வணிக விதிகள் கேட்டவை பெரும்பாலும் எவரும் செய்யக்கூடியவை: விற்பவரின் பெயர், முகவரி, தொலைபேசி, பொருளின் வர்ணனை, தபால் செலவு உட்பட முழு விலை, பணம் செலுத்தும் முறை, சரக்கு வந்து சேர உத்தேசமாக ஆகும் காலம், உத்தரவை உறுதிப்படுத்துமுன் பிழையைத் திருத்திக்கொள்ள வாய்ப்பு. இவ்வளவையும் எழுதிவைக்க ஒரு சாயங்காலம் போதும். அவ்விரு தேசங்களிலும் உணவுப் பண்டம் இறக்குமதியாகும்போது எழும் சிக்கல்களோ ஒரு சாயங்காலத்தில் தீர்பவை அல்ல. அவற்றை அடுத்த இதழில் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)