முந்திய செல், பிந்திய செல்

டீ ஆறட்டும், இது நிதானமாகப் பேச வேண்டிய சமாச்சாரம்.

மூளை எப்படிக் கற்கிறது என்று கேட்டால், சேர்ந்து துடிக்கும் நரம்பு செல்கள் இணைந்துகொள்கின்றன என்பார்கள். டொனால்ட் ஹெப் சொன்னது என்றும் சேர்த்துக்கொள்வார்கள். அந்த வாசகம் அவருடையதல்ல; 1992-ல் நரம்பியலாளர் கார்லா ஷாட்ஸ் எழுதியது. கனடா உளவியலாளரான ஹெப் 1949-ல் 'நடத்தையின் அமைப்பு' என்ற நூலில் சொன்னது இன்னும் நுணுக்கமானது. ஒரு செல் இன்னொன்றைத் துடிக்க வைப்பதில் திரும்பத் திரும்பப் பங்கெடுத்தால், ஒன்றிலோ இரண்டிலுமோ ஏதோ மாற்றம் நேர்ந்து, அடுத்த முறை அந்த வேலை சுலபமாகிறது.

'துடிக்க வைப்பதில்' என்பதைக் கவனியுங்கள். ஒரே கணத்தில் துடித்தால் யார் யாரைத் தூண்டினார்கள்? சேவல் கூவி நீங்கள் எழுந்தால் அதற்குப் பங்குண்டு. எழுந்து பல் துலக்கும்போது கூவினால் என்ன பங்கு? முந்துவதுதான் முக்கியம். 1998-ல் பி, பூ என்ற இரு ஆய்வாளர்கள் எலியின் நரம்பு செல்களை வளர்த்துப் பார்த்தார்கள். அனுப்பும் செல் சுமார் 20 மில்லி விநாடிக்குள் முந்தினால் இணைப்பு வலுத்தது, பிந்தினால் தளர்ந்தது. மேலே சொன்ன வாசகத்தில் இந்தப் பாதி காணாமல் போய்விடுகிறது. மேடைக்கு நல்ல வாசகம், பாடத்துக்குப் போதாது.

ஹெப் எழுதியபோது இணைப்பு இப்படி வலுக்கும் என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. 1973-ல்தான் பிளிஸ், லோமோ என்ற ஆய்வாளர்கள் முயலின் மூளையில் மின்தூண்டல் கொடுத்து, வலுத்த இணைப்பு மணிக்கணக்கில் நீடிப்பதைக் காட்டினார்கள். அதன் சூட்சுமம் பிறகு தெரிந்தது. பெறும் செல்லின் மேல் ஒரு வாசல், அதை அடைத்தபடி மெக்னீசிய அயனி. அனுப்பும் செல் வெளிவிடும் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் வந்து ஒட்ட வேண்டும்; பெறும் செல்லும் கிளர்ந்திருக்க வேண்டும். இரண்டும் கூடினால்தான் அடைப்பு விலகி கால்சியம் உள்ளே புகும். இணைப்பை வலுவாக்கும் வேலை அங்கிருந்து தொடங்குகிறது.

செல்களை விட்டுக் கற்றலுக்கே வந்தால், எனக்குப் பிடித்தது ஹெப்பின் எலிகள். சிலவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய் மகள்களிடம் கொடுத்தார். அவை செல்லப்பிராணிகளாக வீட்டில் ஓடியாடி வளர்ந்தன. புதிர்ப்பாதைச் சோதனையில் ஆய்வகக் கூண்டு எலிகளை அவை முந்தின. அதோடு, சோதனை நாட்கள் நகர நகர அந்த இடைவெளி கூடியது. முன்பு பார்த்துப் பழகியது புதியதைக் கற்கவும் கைகொடுக்கிறது என்று ஹெப் எடுத்துக்கொண்டது அதிலிருந்துதான்.