உருவம் கெட்டால் பயனற்றுப் போகும் இன்சுலின்

நம் உடலில் நடைபெறும் பணிகளுள் பெரும்பாலானவற்றைச் செய்பவை புரதங்களே ஆகும். உண்ட உணவைச் செரிக்கச் செய்வதும், உயிர்க்காற்றை இரத்தத்தில் சுமந்து செல்வதும் அவையே. அமினோ அமிலங்கள் என்னும் நுண்கூறுகள் மணிமாலைபோல் கோக்கப்பட்டு, தனக்கே உரிய முறையில் மடிந்து ஒவ்வொரு புரதமும் உருப்பெறுகிறது. அவ்வுருவமே அதன் பணியை வகுக்கிறது.

இனிப்பு நீர் எனப்படும் நீரிழிவு நோய்க்கு மருந்தாகும் இன்சுலினும் ஒரு புரதமே. 1921ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் இது பிரித்தெடுக்கப்பட்டது. இதில் இரு சங்கிலிகளும் 51 அமினோ அமிலங்களும் உள்ளன. 1969இல் டோரதி ஹாட்ஜ்கின் என்னும் அறிவியலறிஞர் இதன் முழு உருவத்தையும் கண்டறிந்தார்.

தசை உயிரணுக்களின் மேற்பரப்பில் பூட்டுப் போன்ற அமைப்புகள் உள்ளன. திறவுகோலென இன்சுலின் அவற்றிற் பொருந்தினால், இரத்தத்திலுள்ள சர்க்கரை உள்ளே செல்லும். திறவுகோல் வளைந்துவிட்டால் பூட்டு திறவாது. சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கும்.

இன்சுலினை விழுங்கினால், இறைச்சியைப் போலவே அதுவும் செரிமானமாகிச் சிதைந்துவிடும். ஆகவேதான் அது ஊசி வழியாகச் செலுத்தப்படுகிறது.

வெப்பமும் புரதத்தின் உருவத்தைக் கெடுக்கும். அவித்த முட்டையை எவ்வளவு ஆற வைத்தாலும் வெள்ளைக்கரு மீண்டும் நீர்மமாவதில்லை. அதுபோலவே, வெயிலிற் கெட்ட இன்சுலினைப் பின்னர்க் குளிரவைத்துப் பயனில்லை. பனிக்கட்டியாய் உறைந்த இன்சுலினும் கெட்டதே. பார்வைக்குத் தெளிவாக இருப்பினும் அதன் ஆற்றல் குன்றியிருக்கலாம்.

எனவே, திறக்காத இன்சுலினைக் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்தல் வேண்டும். பனிக்கட்டி உறையும் அறையில் வைத்தலாகாது. பயன்பாட்டில் உள்ளதைப் பொதுவாக 30 பாகைக்குக் குறைவான நிழலிடத்தில் நான்கு வாரம் வரை வைத்துக்கொள்ளலாம். மருந்துக்கு மருந்து இது வேறுபடுமாதலால், உறையிலுள்ள குறிப்பையும் கேட்டறிதல் நன்று. வேலைக்குச் செல்லுங்கால் மோட்டார் சைக்கிள் பெட்டியிலோ வெயில்படும் பையிலோ அதனை விட்டுச் செல்லாதீர்கள்.

முறைப்படி ஊசி போட்டும் சர்க்கரை குறையவில்லையெனில், நீங்களாகவே அளவைக் கூட்டாதீர்கள். மருந்தை எங்கே, எவ்வாறு வைத்திருந்தீர்கள் என்பதையும் மருத்துவரிடமோ தாதியிடமோ கூறுங்கள். குறை உங்கள் உடலில் இல்லாது, வெயிற்பட்ட அந்தக் குப்பியிலேயே இருக்கக்கூடும்.