வேப்பிலையும் வெள்ளித் துகளும்

வெள்ளிக்கு நோய்க்கிருமிகளை அழிக்கும் ஆற்றல் உண்டு என்பது புதிய செய்தியன்று. ஜெர்மானிய மருத்துவர் கார்ல் கிரெடே, பிறந்த குழந்தையின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் கரைசல் ஒரு சொட்டு விட்டால், பிறப்பின்போது தாயிடமிருந்து தொற்றும் கண்நோயைத் தடுக்கலாம் என 1881ஆம் ஆண்டில் எழுதினார். பார்வையிழக்கவிருந்த பல குழந்தைகள் அதனால் தப்பின. அவ்வெள்ளியை மிக நுண்ணிய துகளாக்க இலைச்சாறே போதும் என்பதுதான் புதுமை.

ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால், ஒரு கூறு நானோமீட்டர். நூறு நானோமீட்டருக்கு உட்பட்ட துகளே நானோத் துகள் எனப்படும். முன்பு இதனைச் செய்யக் கடுமையான இரசாயனப் பொருள்கள் பெரிதும் பயன்பட்டன. புனே நகரிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தில் முரளி சாஸ்திரி குழுவினர், வேப்பிலையை நீரில் கொதிக்கவைத்து வடித்த சாற்றைக்கொண்டே வெள்ளித் துகள் உண்டாக்கியதை 2004இல் வெளியிட்டனர்.

இலைச்சாறு இரண்டு வேலைகளைச் செய்கிறது. அதிலுள்ள பொருள்கள் வெள்ளி அயனிக்கு எலெக்ட்ரானைக் கொடுத்து அதனை உலோகமாக்குகின்றன. பின்னர்த் துகளின்மேல் போர்வைபோல் படிந்து, ஒன்றோடொன்று ஒட்டித் திரளாதபடி காக்கின்றன. போர்வை இல்லையேல் துகள்கள் திரண்டு அடியில் படிந்துவிடும்.

நிறமற்ற வெள்ளிக் கரைசல் சாறு சேர்ந்ததும் மெல்ல மஞ்சளாகிப் பழுப்பாகும். வெள்ளி வெண்மையன்றோ, பழுப்பு எங்ஙனம் வந்தது என மாணவர் வினவக்கூடும், நல்ல வினாவே! அத்துணைச் சிறிய துகளிலுள்ள எலெக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அதிர்ந்து, அதன் ஊதா, நீலப் பகுதியை விழுங்கிவிடுகின்றன. எஞ்சிய ஒளியே நம் கண்ணுக்கு மஞ்சளாகவும் பழுப்பாகவும் தோன்றுகிறது.

துகள் சிறுக்கச் சிறுக, அதே எடை வெள்ளியின் மேற்பரப்பு பெருகும். அப்பரப்பிலிருந்து கசியும் வெள்ளி அயனிகள் பாக்டீரியாவின் சவ்வைச் சிதைத்து, உள்ளிருக்கும் புரதங்களின் கந்தகப் பகுதியைப் பற்றி அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன.

ஆயினும் கிருமி வளர்த்த தட்டில் துகளைச் சுற்றித் தெளிந்த வளையம் தோன்றியதும், "மூலிகையின் வெற்றி" என்று முழங்குவது அவசரமாகும். கொன்றது துகளா, மாறாது எஞ்சிய வெள்ளி நைட்ரேட்டா, வேம்பா? சாறு மட்டும், வெள்ளி நைட்ரேட் மட்டும், கழுவியெடுத்த துகள் மட்டும் என மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தாலன்றி விடை கிடையாது. தட்டில் சாகும் கிருமி உடலுக்குள்ளும் அவ்வாறே சாகும் என்பதற்கும் உறுதியில்லை. வெள்ளித் துகள் கலந்த நீரை மருந்தென நெடுநாள் பருகியோர் சிலருக்குத் தோல் நீலச் சாம்பல் நிறமாகி, பின் மாறாமலே நின்றதுண்டு. மருத்துவரின் சீட்டின்றி விற்கப்படும் அத்தகைய வெள்ளி மருந்துகளைப் பாதுகாப்பானவை என்றோ பயனுடையவை என்றோ ஏற்க இயலாது என, அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 1999இல் அறிவித்தது.